டேபிள்ல 1.5ன்னு போட்டிருக்கே, போதுமா? லோட் பத்தி கேள்வி பதில்

பினாங்குல 20 வருஷத்துக்கு மேல ஸ்ட்ரக்சர் டிசைன் பண்றேன். இந்த வாரம் வந்த கேள்வி முக்காவாசி யு.பி.பி.எல் 1984 (மலேசிய கட்டட விதி), பி.எஸ் 6399 (பழைய பிரிட்டிஷ் லோட் ஸ்டாண்டர்ட்) ரெண்டுலயும் உள்ள லைவ் லோட் டேபிள், அதாவது ஆளுங்க, சாமான்னு தரை மேல வந்து போற பாரத்துக்கான டேபிள் பத்திதான், அதனால ஒண்ணா பதில் போட்டுடுறேன்.

கே: அண்ணே, பாயான் லெப்பாஸ்ல காண்டோ, ஆறாவது மாடி. நாலு அடி நீளம், ரெண்டு அடி அகலம், ரெண்டு அடி உயரத்துக்கு மீன் தொட்டி. வீட்டுக்கு 1.5 கிலோநியூட்டன்னு இருக்கே, தாங்குமா?

ப: தம்பி, 1.5ன்னா சதுர மீட்டருக்கு சுமாரா 150 கிலோ. ஆளுங்க, சோபா, கட்டில் எல்லாம் அங்கங்க பரவி இருக்கும்னு நினைச்சு போட்ட நம்பர் அது. தண்ணி ரெண்டு அடி நின்னாலே தொட்டிக்கு அடியில சதுர மீட்டருக்கு 600 கிலோ ஏறிடும், நாலு மடங்கு. உடனே ஸ்லாப் விழுந்துடும்னு பயப்பட வேணாம், தொட்டி உக்கார்ற இடம் முக்கால் சதுர மீட்டர்தான், பாரம் சுத்தி உள்ள ஸ்லாப்புக்கும் போகும். ஆனா ஹால் நடுவுல வைக்காதீங்க, அடியில பீம் போற சுவரா பாத்து அத ஒட்டி நீளவாக்குல வைங்க. "1.6 சேஃப்டி ஃபேக்டர் இருக்குல்ல"ன்னு யாராவது சொன்னா தயவுசெஞ்சு கேக்காதீங்க, டிசைன்ல லைவ் லோட 1.6ஆல பெருக்குறது கணக்குல தெரியாம வர்ற கூடுதலுக்கு வச்சது, தெரிஞ்சே ஏத்துற பாரத்துக்கு இல்ல.

கே: பழைய கடைவீடு, மேல பலகை தரை, இத்தன வருஷமா குடும்பம் இருந்த வீடு. டியூஷன் சென்டர் போடலாமாண்ணே?

ப: இதுதாம்மா எனக்கு ரொம்ப கவலையான கேள்வி. வீட்டுக்கு 1.5, கிளாஸ் ரூமுக்கு 3.0, அதாவது சுவர் மாறல, தரை மாறல, உள்ள நடக்குற வேலை மாறினதுக்கே லோட் ரெண்டு மடங்கு ஆயிடுச்சு. "இத்தன வருஷம் நின்னுச்சே"ன்னா அது வீடா நின்னுச்சு, 40 பிள்ளைங்க ஒரே நேரத்துல எழுந்து ஓடல. அட்வான்ஸ் கட்டுறதுக்கு முன்னாடியே இன்ஜினியர கூட்டிட்டு போய் கட்டை சைஸ், இடைவெளி, சுவருக்குள்ள போற முனை மக்கிருக்கா, எல்லாம் பாக்க சொல்லுங்க.

கே: சார், ஃபைனல் இயர் படிக்கிறேன். தூணுக்கு லைவ் லோட் குறைக்கலாமாமே, எல்லா பில்டிங்குக்கும் பொருந்துமா?

ப: இல்லப்பா. எல்லா மாடியும் ஒரே நேரத்துல நிறையாதுங்கறதுதான் அதுக்கு காரணம். பி.எஸ் 6399ல தூண் தாங்குறது ரெண்டு மாடின்னா 10 சதவீதம் குறைக்கலாம், மூணுக்கு 20, நாலுக்கு 30, அஞ்சுலேர்ந்து பத்துக்கு 40. ஸ்டோர், மெஷின் ரூம் எல்லாம் நிறைஞ்சேதான் கிடக்கும், அதுக்கு குறைக்கக் கூடாது.

கே: போர்ச் ஜிங்க் கூரைக்கு டெட் லோட, அதாவது கூரையோட சொந்த எடைய, 1.4ஆல பெருக்கினா இன்னும் சேஃப்தானே?

ப: காத்து மேல தூக்கும்போது கூரையோட எடைதான் பிடிச்சு நிறுத்துது. அந்த கணக்குல எடைக்கு 1.0, காத்துக்குத்தான் 1.4. எடைய பெருக்கினா இல்லாத பலத்த நீங்களே எழுதிக்கிறீங்க, கூரை போல்ட் பத்தாம போயிடும்.