ஒரே மவுண்டில் இரண்டு தொலைநோக்கிகள்: சூரியன் ஒன்றில் மட்டும் நடுவில் நிற்பது ஏன்?

கேள்வி: 80 மி.மீ. லென்ஸ் தொலைநோக்கியின் முகப்பில் சூரிய ஃபிலிம் மாட்டிப் சூரியப் புள்ளிகளைப் பார்த்து வந்தேன். இப்போது 40 மி.மீ. ஹைட்ரஜன்-ஆல்ஃபா தொலைநோக்கி ஒன்றும் வாங்கி, இரண்டையும் ஒரே பட்டையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஈக்வடோரியல் மவுண்டில் (வானத்தின் சுழற்சியைப் பின்தொடரும் தாங்கியில்) ஏற்றியிருக்கிறேன். ஒன்றில் சூரியனை நடுவில் கொண்டுவந்தால் மற்றதில் பாதிதான் தெரிகிறது. இரவில் தெருவிளக்கை வைத்துச் சரிசெய்யப் பார்த்தேன். ஆல்ஃபாவில் வெறும் இருட்டு. தொலைநோக்கி பழுதா? (மதுரை வாசகர்)

பழுது இல்லை. ஆல்ஃபா தொலைநோக்கி, ஹைட்ரஜன் ஒளிரும் 656.28 நானோமீட்டர் சிவப்பில், ஒரு ஆங்ஸ்ட்ராமுக்கும் (0.1 நானோமீட்டர்) குறைவான அகலத்தை மட்டும்தான் உள்ளே விடும். அந்தச் சல்லடையைத் தாண்டித் தெரியும் அளவுக்கு வெளிச்சம் தெருவிளக்கிலும் இல்லை, நிலாவிலும் இல்லை. அதனால் அதற்கு ஒரே குறி சூரியன்தான். தெருவிளக்கு தெரிந்திருந்தாலும் உங்களை ஏமாற்றியிருக்கும். இரண்டு குழாய்களுக்கும் நடுவே 30 செ.மீ. இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 200 மீட்டர் தூரத்து விளக்கில் இரண்டையும் ஒன்றாகக் குவித்தால், வானத்தில் 5 கலை விலகிப் போகும். (ஒரு பாகைக்கு 60 கலை, சூரியனின் விட்டம் சுமார் 32 கலை.)

சரிசெய்யும் முன் ஒரு விஷயம். இரண்டு குழாய்கள் என்றால் ஆபத்தும் இரண்டு. ஒன்றில் கண் வைத்திருக்கும்போது மற்றதன் ஃபில்டரை யாரும் கழற்றக் கூடாது. ஃபிலிமை முகப்பில் டேப் போட்டு ஒட்டுங்கள், இல்லாவிட்டால் காற்றுக்குப் பறந்துவிடும். கண்ணால் பார்க்க ஒளியடர்த்தி 5 என்று குறிப்பிட்ட ஃபிலிம்தான் வேண்டும், அது லட்சத்தில் ஒரு பங்கு ஒளியை மட்டும் விடும். 3.8 என்று இருப்பது படம் எடுக்க மட்டும். ஐபீஸில் (கண் வைத்துப் பார்க்கும் லென்ஸில்) திருகும் சின்ன 'சன்' ஃபில்டர் பெட்டியோடு வந்திருந்தால் தூக்கிப் போடுங்கள், சூட்டில் விரிசல் விடும். குறிபார்க்க உதவும் சின்னத் தொலைநோக்கியான ஃபைண்டரைக் கழற்றி வீட்டுக்குள் வைத்துவிடுங்கள். ஒருமுறை மூடி போடாமல் விட்ட என் ஃபைண்டரின் ஒளி தோளில் விழுந்து, சட்டையில் பட்டாணி அளவுக்குக் கருகிய பிறகுதான் சுருக்கென்று தெரிந்தது. அந்த இடத்தில் ஒரு குழந்தையின் கண் இருந்திருக்கலாம்.

ஃபைண்டர் இல்லாமல் சூரியனைப் பிடிக்க நிழல் போதும். குழாயின் பின்னால் ஒரு வெள்ளை அட்டையைப் பிடியுங்கள். நீள்வட்டமாக விழும் நிழல் சுருங்கிச் சுருங்கி முழு வட்டமாகும் இடத்தில் சூரியன் ஐபீஸுக்குள் வந்திருக்கும்.

இனி முக்கியமான இடம். பலர் செய்வது போல, ஃபிலிம் போட்ட தொலைநோக்கியில் சூரியனை நடுவில் நிறுத்திவிட்டு ஆல்ஃபாவைத் திருக ஆரம்பிக்காதீர்கள். ஆல்ஃபாதான் முதலாளி, மற்றது அதன் பின்னால் வர வேண்டும். காரணம் இருக்கிறது. ஆல்ஃபாவின் உள்ளே அந்தச் சல்லடை வேலையைச் செய்யும் எட்டலானில் ஒளி சாய்வாக நுழைந்தால், அது விடும் அலைநீளம் நீலப் பக்கம் நகர்ந்துவிடும். அதனால் பார்வைப் பரப்பு முழுவதும் ஒரே மாதிரி இருக்காது. இழைகளும் விளிம்புத் தீநாக்குகளும் பளிச்சென்று தெரியும் ஓர் இடம் உண்டு, அது பரப்பின் மையத்தில்தான் இருக்கும் என்று சொல்ல முடியாது. முதலில் சூரியனை அங்கும் இங்கும் நகர்த்தி, ட்யூனிங் வளையத்தையும் திருகி, அந்த இடத்தைக் கண்டுபிடியுங்கள். மவுண்டைச் சூரிய வேகத்தில் ஓடவிட்டு அப்படியே நிறுத்துங்கள். நட்சத்திர வேகத்தில் விட்டால் மணிக்கு இரண்டரை கலை நழுவும். இனி மவுண்டைத் தொடக் கூடாது.

இப்போது 80 மி.மீ. தொலைநோக்கியை மட்டும் நகர்த்துங்கள். பக்கவாட்டு விலகலுக்கு, அதன் தாங்கியைப் பட்டையோடு பிடித்திருக்கும் போல்ட்டைக் கால் சுற்றுத் தளர்த்திக் கையால் மெல்லத் திருப்பினால் போதும். மேல்-கீழ் விலகலுக்கு வளையத்தின் அடியில் தகடு வைக்க வேண்டும். நான் பயன்படுத்துவது கூல்டிரிங்ஸ் டின்னின் பக்கத் தகடு. கத்தரிக்கோலில் வெட்டலாம், தடிமன் ஏறக்குறைய 0.1 மி.மீ. வளையங்களுக்கு நடுவே 15 செ.மீ. இருந்தால் ஒரு தகடு சுமார் 2.3 கலை தூக்கும். பாதிச் சூரியன் தெரிகிறது என்றால் விலகல் உங்கள் பார்வைப் பரப்பைப் பொறுத்தது. அரைச் சூரியன் அளவு, அதாவது 16 கலை என்றால் ஏழு தகடு. முன் வளையத்தில் வைத்துச் சூரியன் இன்னும் விலகினால், எடுத்துப் பின் வளையத்தில் வையுங்கள். மூன்று திருகுகள் கொண்ட கைடு வளையம் எளிதுதான், ஆனால் திருகின் பிளாஸ்டிக் நுனி வெயிலில் இளகி இடம் கொடுக்கும். எனக்குத் தகடுதான் நம்பிக்கை.

எவ்வளவு துல்லியம் வேண்டும்? பார்வைப் பரப்பு ஒரு பாகை என்றால் சூரியனைச் சுற்றி 14 கலை இடம் மிச்சம். முழு வட்டம் பார்க்க 5 கலை பிசகு ஒரு பொருட்டே அல்ல. பார்லோ (உருவத்தைப் பெரிதாக்கும் துணை லென்ஸ்) போட்டு ஒரு புள்ளிக்கூட்டத்தை மட்டும் பார்ப்பதானால், இரண்டிலும் அதே புள்ளியை நடுவில் வைத்து இன்னொரு முறை சரிபாருங்கள்.

காலையில் சரியாக இருந்தது மதியம் விலகினால் உங்கள் வேலையில் குறை இல்லை. சூரியன் உச்சியைக் கடக்கும்போது எடை மறுபக்கம் சாயும், ஃபோகஸர் தொங்கும், கேபிள் இழுக்கும். கேபிளைப் பட்டையோடு கட்டிவிடுங்கள். மதுரையில் மவுண்டின் துருவ அச்சு தரையிலிருந்து 10 பாகைதான் உயரும். ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகல் சூரியன் நேர் தலைக்கு மேல் வரும். அப்போது குழாயின் பின்பக்கமோ எதிர்எடையோ ஸ்டாண்டின் காலில் இடிக்கும். மோட்டாரை நம்பாமல், முன்கூட்டியே கையால் ஒரு சுற்றுச் சுற்றிப் பாருங்கள். மொட்டை மாடி சூடேறும் முன், எட்டு ஒன்பது மணிக்குப் பார்ப்பது எல்லா வகையிலும் நல்லது.

அப்புறம், ஒளியைப் பக்கவாட்டில் திருப்பும் டயகனல் கண்ணாடி மாட்டிய குழாயில் படம் இடவலமாக மாறும். வெள்ளொளியில் (ஃபிலிம் போட்ட தொலைநோக்கியில்) இடப்பக்கம் இருந்த புள்ளி ஆல்ஃபாவில் வலப்பக்கம் போனால் குழம்ப வேண்டாம். மோட்டாரை நிறுத்துங்கள். எந்த விளிம்பு முதலில் வெளியேறுகிறதோ அது மேற்கு. இரண்டு ஐபீஸிலும் மேற்கைக் குறித்துக்கொண்டு அந்தப் புள்ளியைத் தேடுங்கள். கொடைக்கானல் வானாய்வகம் நூறு ஆண்டுகளுக்கு மேலாக ஒரே சூரியனை வெள்ளொளியிலும் ஆல்ஃபாவிலும் எடுத்து வைத்துப் பார்ப்பது இதற்காகத்தான்: வெள்ளொளியில் வெறும் கரும்புள்ளியாக இருந்த அதே இடத்தைச் சுற்றி, ஆல்ஃபாவில் காந்தப்புலத்தின் வரிகள் இரும்புத்தூள் போலச் சுழன்று நிற்கும்.