வெறும் வயிற்றிலா, விளக்கு வைத்த பிறகா?

செங்காங் வாசகி: காலையில் வெறும் வயிற்றில் நடந்தால்தான் கொழுப்பு கரையும் என்று தோழி அடித்துச் சொல்கிறார். எனக்கு வேலை முடிந்து, பிள்ளைகளுக்குச் சோறு போட்டு, இரவு 8.30 மணிக்குத்தான் கை ஓயும். எடை 70 கிலோ. அந்த நேரத்தில் நடப்பது வீணா?

வீண் இல்லை. தோழி சொல்வதும் முழுப் பொய் இல்லை, பாதியில் நின்றுவிட்ட உண்மை. இரவு முழுதும் சாப்பிடாததால் காலையில் இன்சுலின் தாழ்ந்திருக்கும், கல்லீரலின் சர்க்கரைச் சேமிப்பும் குறைந்திருக்கும். அதனால் நடக்கும் அந்த அரை மணியில் உடல் கொழுப்பைச் சற்று அதிகமாக எடுத்து எரிக்கிறது. ஆனால் அப்போது கொழுப்பை எரித்த உடல் பிற்பகலில் அதற்கு ஈடாகச் சர்க்கரையை எரித்துக் கணக்கை நேர் செய்துவிடும். 2014இல் வெளியான ஓர் ஆய்வில் 20 இளம்பெண்கள் அளவான உணவுடன் வாரம் 3 நாள், ஒரு மணி நேரம் பயிற்சி செய்தார்கள். பாதிப் பேர் வெறும் வயிற்றில், மற்றவர்கள் சாப்பிட்டுவிட்டு. 4 வாரத்தில் இரு தரப்பிலும் கொழுப்பு குறைந்தது, வித்தியாசம் தெரியவில்லை. சிறிய ஆய்வுதான் என்றாலும் உடலியல் சொல்வதும் அதுவே.

நேரத்தைவிடக் கணக்கைப் பாருங்கள். உங்கள் எடைக்கு அரை மணி விறுவிறு நடை (பேச முடியும், பாட முடியாது என்ற வேகம்) ஏறக்குறைய 150 கலோரி. ஒரு கிலோ கொழுப்பில் இருப்பதோ சுமார் 7,700 கலோரி. அதாவது 50 நடை. நடந்து முடித்துக் காப்பிக்கடையில் ஒரு கோசோங் (வெறும்) பரோட்டாவும் தே தாரேக்கும் (இனிப்பான பால் தேநீர்) உள்ளே போனால் அன்றைய நடை போயே போயிற்று. இரவு உணவில் சோற்றை ஒரு கரண்டி குறைப்பதும், பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறுவதும் நடைக்குத் துணை நிற்கும்.

வாரம் 5 இரவு, 30 நிமிடம். சிங்கப்பூர் வழிகாட்டி சொல்லும் 150 முதல் 300 நிமிடத்தில் கீழ்வரம்பைத் தொட்டுவிடுவீர்கள். அதே வழிகாட்டி வாரம் 2 நாள் தசைப் பயிற்சியும் கேட்கிறது. பலரும் விட்டுவிடுவது இதைத்தான். உணவைக் குறைத்து நடை மட்டும் போனால் கொழுப்போடு தசையும் கரையும். நாற்காலியில் உட்கார்ந்து எழுவது 12 தடவை, சுவரில் கை ஊன்றித் தள்ளுவது 12 தடவை, இப்படி 3 சுற்று போதும். மூச்சு வாங்க ஓடுவது, குதிப்பது மட்டும் படுக்கப் போகும் கடைசி ஒரு மணியில் வேண்டாம், தூக்கம் தள்ளிப்போகும்.

ஈசூன் வாசகர்: மதிய இடைவேளையில் பிளாஸ்டிக் மேலாடை போட்டு ஓடுகிறேன். ஒரே வாரத்தில் 1 கிலோ குறைந்தது. தொடரலாமா?

குறைந்ததில் பெரும்பங்கு தண்ணீர். ஒரு லிட்டர் வியர்வை தராசில் ஒரு கிலோ, குடித்ததும் திரும்பிவிடும். மேலாடையைத் தூக்கிப் போடுங்கள்: வியர்வை ஆவியானால்தான் உடல் குளிரும், அதைத்தான் அது தடுக்கிறது. நம் ஊரில் புற ஊதாக் கதிர் காலை 11 முதல் மாலை 3 வரை உச்சம். வெளியே போகுமுன் தேசியச் சுற்றுப்புற வாரியத்தின் மைஎன்வி செயலியில் வெப்ப அழுத்த அளவைப் பாருங்கள் (வெப்பநிலையோடு ஈரப்பதம், வெயில், காற்று எல்லாம் சேர்ந்த கணக்கு அது). 31 பாகைக்குக் கீழ் என்றால் குறைவு, 33 தொட்டால் அதிகம். அதிகம் என்றால் குளிரூட்டிய உடற்பயிற்சிக் கூடம்தான். விடியற்காலையில் வெயில் இல்லாவிட்டாலும் ஈரப்பதம் உச்சத்தில் இருக்கும். அதனால் முதல் 10 நிமிடம் மெதுவாகவே போங்கள்.

பிடோக் வாசகர்: வயது 61. நீரிழிவுக்கு மெட்ஃபார்மினும் கிளிக்லசைடும் சாப்பிடுகிறேன். தொப்பை குறையக் காலை 6 மணிக்குக் காப்பிகூடக் குடிக்காமல் நடக்கிறேன். கை நடுங்குகிறது, கண் இருட்டுகிறது.

வெறும் வயிற்று நடையை நாளையே நிறுத்துங்கள். மெட்ஃபார்மின் மட்டும் என்றால் சர்க்கரை இப்படிச் சரிவது அரிது. கிளிக்லசைடு கணையத்தைத் தூண்டி இன்சுலினை வரவழைக்கும் மாத்திரை. சாப்பாடு வந்ததா இல்லையா என்று அது பார்க்காது. நடுங்கும்போது விரலில் குத்திச் சர்க்கரை அளவைப் பாருங்கள். 4 மில்லிமோலுக்குக் (mmol/L) கீழே என்றால் 3 தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடித்து, உட்கார்ந்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள். சட்டைப் பையில் மிட்டாய் இல்லாமல் கீழே இறங்காதீர்கள். மாத்திரையை நீங்களாகக் குறைக்காமல், நடுக்கம் வந்த நாள்களையும் அளவுகளையும் எழுதிப் பலதுறை மருந்தகத்தில் இந்த வாரமே காட்டுங்கள்.

நடையைச் சாப்பாட்டுக்குப் பின் வைத்துக்கொள்ளுங்கள். நேரம் உண்மையிலேயே வேலை செய்யும் இடம் இதுதான். நியூசிலாந்தில் 2016இல் வெளியான ஆய்வில், 41 நீரிழிவுக்காரர்கள் நாளுக்கு 30 நிமிடம் மொத்தமாக நடப்பதைவிட, மூன்று வேளை உணவுக்குப் பின்னும் 10 நிமிடம் நடந்தபோது உணவுக்குப் பிந்தைய சர்க்கரை சராசரி 12 விழுக்காடு குறைவாக இருந்தது; இரவு உணவுக்குப் பின் 22. மழை பெய்தால் புளோக்கின் கீழ்த்தளமே போதும்.

ஜூரோங் வாசகர்: பாதுகாவலர் வேலை, இரவு 7 முதல் காலை 7. எப்போது செய்வது?

தூங்கி எழுந்த பின், வேலைக்குக் கிளம்புமுன். காலை 7 மணிக்கு வெளிச்சத்தில் ஓடிவிட்டுப் படுத்தால் தூக்கம் வராது. தூக்கம் குறைந்த நாளில் பசி கூடும், நள்ளிரவில் கை மீ கோரெங் (வறுத்த நூடல்ஸ்) பக்கம் போகும்.