குயின் ஜோடிக்கு எதிரே ஆல்-இன் வந்தால் என்ன செய்வது?

கேள்வி: லாஸ் வேகாஸில் 2/5 டாலர் நோ-லிமிட் போக்கர் மேசை (பிளைண்டுகள் எனும் கட்டாயப் பந்தயங்கள் 2-ம் 5-ம், பந்தயத்துக்கு உச்சவரம்பு இல்லை). எனக்கு நடு இருக்கை, கையில் குயின் ஜோடி. 20 டாலருக்கு ரைஸ் செய்தேன், அதாவது பந்தயத்தை உயர்த்தினேன். ஒருவர் கால் செய்தார், அதே தொகையைப் போட்டார். டீலர் இருக்கையான பட்டனில் இருந்த பெரியவர் அதை 90 ஆக்கினார். நான் 220 போட்டேன், அவர் ஆல்-இன் (தன்னிடமுள்ள முழுப் பணமும்) என்றார். இருவரிடமும் தொடக்கத்தில் 500 டாலர் இருந்தது. கால் செய்தேன், அவர் கிங் ஜோடியைக் காட்டினார். நான் ஃபோல்ட் செய்து விலகியிருக்க வேண்டுமா?

பதில்: கடைசியில் செய்த காலைவிட அதற்கு முன் போட்ட 220-ஐப் பற்றித்தான் நீங்கள் கவலைப்பட வேண்டும்.

முதலில் கணக்கு. ஆல்-இன் வந்தபோது பாட், அதாவது நடுவில் சேர்ந்த பந்தயப் பணம், 747 டாலர்: உங்கள் 220, அவருடைய 500, கால் செய்துவிட்டு விலகியவரின் 20, பிளைண்டுகளின் 7. நீங்கள் போட வேண்டியது இன்னும் 280. போட்டால் பாட் 1,027 ஆகும். அதாவது 27 சதவீதம் ஜெயிக்கும் வாய்ப்பு இருந்தாலே அந்த கால் நஷ்டமில்லை.

இனி அவர் கையில் என்ன இருக்கலாம் என்று பார்ப்போம். ஏஸ் ஜோடி 6 விதமாக வரலாம், கிங் ஜோடியும் 6 விதம், ஏஸ்-கிங் 16 விதம். இவை எல்லாவற்றோடும் அவர் ஆல்-இன் போடுவார் என்றால் உங்கள் குயின் ஜோடிக்குச் சுமார் 40 சதவீத வாய்ப்பு, யோசிக்காமல் கால். ஏஸ்-கிங் ஒரே சின்னத்தில் இருந்தால் மட்டும் போடுவார் என்றால் வாய்ப்பு 27 சதவீதத்துக்கு இறங்குகிறது, லாபமும் இல்லை நஷ்டமும் இல்லை. ஏஸ் ஜோடி, கிங் ஜோடி இரண்டோடு மட்டும்தான் போடுவார் என்றால் வெறும் 18, ஃபோல்ட் செய்தே ஆக வேண்டும்.

நேரடி மேசையில் சின்ன ஸ்டேக்ஸ் ஆடுகிற அமைதியான ஆட்கள் பெரும்பாலும் அந்தக் கடைசி வகை. ஏஸ்-கிங் வந்தால் கால் செய்து ஃப்ளாப் (மேசையில் விழும் முதல் மூன்று பொது அட்டைகள்) பார்ப்பார்கள். ஒருவர் 3-பெட் (ரைஸுக்கு மேல் ரைஸ், இங்கே 90) போட்டதற்கு மேல் ரைஸ் வந்து, அதற்கும் மேல் ஆல்-இன் போடுகிறார் என்றால் அவர் சொல்வதை நம்புங்கள். மேசையில் மணிக்கு ஏறக்குறைய 30 ஹேண்ட் (ஆட்டம்) தான் ஓடும். ஏஸ் ஜோடியோ கிங் ஜோடியோ சராசரியாக 110 ஹேண்டுக்கு ஒருமுறைதான் வரும். மூன்று மணி நேரமாகச் சும்மா இருந்தவர் திடீரென்று 90 போட்டால் அதற்கு என்ன அர்த்தம் என்று நீங்களே யோசித்துப் பாருங்கள்.

அதனால்தான் 220 தவறு என்கிறேன். அதைப் பார்த்து அந்தப் பெரியவர் ஜாக் ஜோடி, பத்து ஜோடியை எல்லாம் கீழே வைத்துவிடுவார், உங்களை ஜெயிப்பவற்றோடு மட்டும் திரும்ப அடிப்பார். நீங்கள் ஜெயிக்கக்கூடிய கைகளை நீங்களே துரத்திவிட்டீர்கள். பாட்டும் பெரிதாகி, ஃபோல்ட் செய்யவும் மனம் வராத இடத்தில் வந்து நிற்கிறீர்கள். 4-பெட் (இங்கே உங்கள் 220) போடக் கை போகும்போதே, இவர் ஆல்-இன் போட்டால் என்ன செய்வேன் என்ற கேள்விக்குப் பதில் தயாராக இருக்க வேண்டும். இல்லையென்றால் 90-ஐ வெறுமனே கால் செய்யுங்கள்.

கால் செய்தால் பாட் 207, உங்களிடம் மீதி 410. முன்னால் ரைஸுக்கு கால் செய்தவரும் கூட வந்தால் பாட் இன்னும் பெரிதாகும், அப்போது இன்னும் கவனம் வேண்டும். ஃப்ளாப்பில் ஏஸோ கிங்கோ விழ 41 சதவீத வாய்ப்பு. விழுந்தால் செக், அதாவது பணம் போடாமல் விடுங்கள். அவர் சின்னதாக பெட் வைத்தால் ஒருமுறை கால் செய்யலாம், அடுத்த அட்டையிலும் அடித்தால் விட்டுவிடுங்கள். ஜாக்-ஏழு-மூன்று மாதிரி விழுந்தால் மீதிப் பணம் உள்ளே போகட்டும். சில சமயம் கிங் ஜோடிக்கு எதிரே போகும். ஆனால் ஜாக் ஜோடி, பத்து ஜோடி, ஏஸ்-ஜாக் எல்லாம் இப்போது அவர் கையில் இன்னும் இருக்கின்றன.

இந்த அறிவுரை ஆளைப் பொறுத்தது. ஒவ்வொரு சுற்றிலும் ரைஸ் போடுபவர், தோற்ற கோபத்தில் ஆடுபவர், எப்போதோ ஏஸ்-ஐந்து போன்ற கையோடு 3-பெட் போட்டுக் காட்டியவர், இவர்களிடம் 220-ம் சரி, கடைசி காலும் சரி. அவரிடம் 200 டாலர்தான் இருந்தால் யாராக இருந்தாலும் உள்ளே தள்ளுங்கள். இருவரிடமும் 1,000 இருந்தால் கதை வேறு. அங்கே அதே 220-க்கு மேல் வரும் ஆல்-இன்னுக்கு 780 போட வேண்டும், 38 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு தேவை. அமைதியான ஆளிடம் அது கிடைக்காது.

உங்கள் கையில் கிங் ஜோடி என்றால், இருவரிடமும் 500 டாலர் இருக்கும்போது ஃபோல்ட் பற்றி நினைக்கவே வேண்டாம். ஒன்பது பேர் மேசையில் வேறு யாராவது ஏஸ் ஜோடி வைத்திருக்கும் வாய்ப்பு 4 சதவீதம்தான். அப்படி அமைந்து தோற்றால் அடுத்த ஹேண்டுக்குப் போய்விடுங்கள், அதில் திருத்திக்கொள்ள ஒன்றும் இல்லை.