இடுப்பை விடுங்கள், உயரத்தை அளந்து பாருங்கள்

கேள்வி: என் மகளுக்கு 4 வயது முடிந்துவிட்டது. உயரம் 101 செ.மீ., எடை 17.5 கிலோ, இடுப்புச் சுற்றளவு 52 செ.மீ. இடுப்பு, உயரத்தில் பாதியைத் தாண்டினால் உடல் பருமன் என்று இணையத்தில் படித்தேன். பி.எம்.ஐ. (கிலோ எடையை, மீட்டரில் உயரத்தின் வர்க்கத்தால் வகுப்பது) கணக்குப் போட்டால் ‘எடை குறைவு’ என்று வருகிறது. தொப்பை தள்ளிக்கொண்டு நிற்கிறது, தொடையும் தடிமன். போன வருடத்துக் கவுன் நீளம் இன்னும் சரியாக இருக்கிறது, இடுப்பில்தான் இறுக்குகிறது. கணவருக்குச் சர்க்கரை நோய் இருப்பதால் பயமாக இருக்கிறது. பாலை நிறுத்திவிட்டேன். கொழுப்பைக் குறைக்கும் சிரப் வாங்கி வைத்திருக்கிறேன், கொடுக்கலாமா?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். 4 வயதுக் குழந்தையின் எடையைக் குறைக்க நாமே கடையில் வாங்கிக் கொடுக்கும்படி எந்த மருந்தும் கிடையாது. பாலையும் இன்றே திரும்பக் கொடுங்கள். எலும்பு வளர்கிற வயதில் அதில் கை வைக்க உங்களுக்கு யார் சொன்னது?

உங்கள் மகளுக்கு உடல் பருமன் இல்லை. நீங்கள் படித்த ‘பாதி உயரம்’ கணக்கு பெரியவர்களுக்கும், 5 வயதைத் தாண்டிய பிள்ளைகளுக்கும் உரியது. 4 வயதுக் குழந்தையைப் பக்கவாட்டில் நிற்க வைத்துப் பாருங்கள்: முதுகு உள்ளே வளைந்து, வயிறு முன்னால் வந்திருக்கும். படுக்க வைத்தால் அதே வயிறு தட்டையாகிவிடும். வயிற்றுத் தசை இன்னும் இறுகவில்லை, காலும் நீளவில்லை, அவ்வளவுதான். அப்பாவின் சர்க்கரை நோயை இந்தத் தொப்பையோடு முடிச்சுப் போடாதீர்கள். தொடையையும் மறந்துவிடுங்கள்.

பி.எம்.ஐ. 17.2 வருகிறது. 18.5-க்குக் கீழே போனால் எடை குறைவு என்பது பெரியவர்களுக்கான கோடு. 4 வயதுப் பெண் குழந்தைக்கு நடு அளவே 15.3தான். உலக சுகாதார நிறுவனம் 2006-இல் வெளியிட்ட வளர்ச்சி வரைபடத்தில் நடுக் கோட்டுக்கு மேலே +1, +2, +3 என்று கோடுகள் இருக்கும். உயரத்துக்கேற்ற எடை +2 கோட்டைத் தாண்டினால் அதிக எடை, +3-ஐத் தாண்டினால் பருமன். உங்கள் மகள் +1-க்கும் +2-க்கும் நடுவில் இருக்கிறாள். பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் கண் வைத்திருக்க வேண்டிய இடம். ஏனென்றால் பி.எம்.ஐ. 5, 6 வயது வரை இறங்கி, அப்புறம்தான் ஏறத் தொடங்கும். இப்போதே ஏறுமுகமாக இருந்தால் பின்னாளில் பருமனாகும் வாய்ப்பு கூடுதல்.

சரி, உங்கள் கடிதத்தில் நான் திரும்பத் திரும்பப் படித்த வரி அந்தக் கவுனைப் பற்றியது. நீங்கள் அதைப் போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்கள். இந்த வயதில் ஆண்டுக்கு 6, 7 செ.மீ. உயர வேண்டும். அப்படி வளர்ந்த பிள்ளைக்குப் போன வருடத்துக் கவுன் மேலே ஏறியிருக்கும். ‘வளர்ந்து போடட்டும்’ என்று பெரிதாக வாங்கியதாகவும் இருக்கலாம். அப்படியே இருக்கட்டும் என்றுதான் நினைக்கிறேன். ஆனால் கூடுதலாகச் சாப்பிட்டுக் குண்டாகும் குழந்தைகள் பெரும்பாலும் வயதுக்கு மீறிய உயரத்தோடு இருப்பார்கள். எடை ஏறி, உயரம் நின்றுபோனால் தைராய்டு குறைபாடு போன்ற ஹார்மோன் கோளாறு இருக்கிறதா என்று பார்த்தே ஆக வேண்டும். அதற்குச் சிகிச்சை இருக்கிறது. தாமதித்தால் குழந்தைக்குத்தான் நஷ்டம்.

அதனால் இன்ச் டேப்பைச் சுவரில் ஒட்டுங்கள். செருப்பையும் கொண்டையையும் கழற்றிவிட்டு, குதிகால் சுவரைத் தொட, நேராகப் பார்க்கும்படி நிறுத்துங்கள். கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைச் சுவரோடு அணைத்துத் தலையில் பதித்து அளவு எடுங்கள். இரண்டு முறை அளக்க வேண்டும், அரை செ.மீ.க்கு மேல் வித்தியாசம் வந்தால் மூன்றாவது முறையும். பிறகு தடுப்பூசி அட்டையில் போன வருடத்து உயரம் எழுதியிருக்கிறதா என்று தேடுங்கள்.

6 செ.மீ.யோ அதற்கு மேலோ வளர்ந்திருந்தால் 3 மாதம் கழித்து எடை, உயரம் இரண்டையும் மறுபடி பாருங்கள், போதும். 6 செ.மீ.க்கும் குறைவு என்றால், அல்லது பழைய அளவே கிடைக்கவில்லை என்றால், இந்த வாரமே குழந்தை மருத்துவரைப் பாருங்கள். போகும்போது அவளுக்குத் தடவும் களிம்பு, கொடுக்கும் பொடி, மாத்திரை எதையும் விடாமல் எடுத்துச் செல்லுங்கள். ஸ்டீராய்டு கலந்த மருந்தும் எடையை ஏற்றி உயரத்தை நிறுத்தும். பிரிக்காத அந்தச் சிரப் பாட்டிலையும் பையில் போட்டுக்கொள்ளுங்கள். அதில் என்ன இருக்கிறது என்று மருத்துவர் பார்க்கட்டும்.