தோட்டப் பேச்சை நிறுத்தலாமா?

வணக்கம் ஐயா,

வெள்ளவத்தையில் எங்கள் தொடர்மாடிக்காரர்கள் சேர்ந்து ஒரு தோட்டக் கழகம் நடத்துகிறோம். மாதம் ஒரு ஞாயிறு யாரையாவது அழைத்து வீட்டுத்தோட்டம் பற்றிப் பேசவைக்கிறோம். வருகிறவர்கள் குறிப்பெடுப்பார்கள், இலவச நாற்றும் வாங்கிப்போவார்கள். இரண்டு மாதத்தில் செடி பட்டுப்போகிறது. இப்போது பத்துப் பேர்கூட வருவதில்லை. பேச்சை விட்டுவிட்டு நாற்று மட்டும் கொடுக்கலாமா?

ஒரு வாசகி, கொழும்பு 6

அன்புள்ள சகோதரிக்கு,

நாற்றை வேண்டுமானால் நிறுத்துங்கள், பேச்சை நிறுத்தாதீர்கள். என்ன பேசுகிறீர்கள் என்பதைத்தான் மாற்ற வேண்டும்.

என் அம்மா யாழ்ப்பாணத்தில் மிளகாய்த் தோட்டம் செய்தவர். கொழும்புக்கு வந்ததும் மொட்டைமாடியில் சாடி வைத்தார். இரண்டு வருடம் ஒரு காய்கூடக் காய்க்கவில்லை. "என்ர கை ராசி போயிட்டுது" என்று அழுதார். பக்கத்து வீட்டுச் சிங்கள அம்மாதான் விஷயத்தைச் சொன்னார்: மே மழை நெருங்கும்போது நடாதே, தை பிறந்து வெயில் வந்ததும் நடு.

யாழ்ப்பாணத்தில் பெருமழை ஐப்பசி தொடங்கி மார்கழியோடு முடிந்துவிடும். கொழும்பில் மே மாதம் ஒரு தடவை, ஒக்டோபர், நவம்பரில் இன்னொரு தடவை கொட்டும். தண்ணீர் வடியாத சாடியில் மிளகாய் வேர் அழுகாமல் என்ன செய்யும்? மண்ணும் வேறு. அங்கே அடியில் சுண்ணாம்புக்கல். இங்கே மழை சத்தைக் கழுவிக்கொண்டு போவதால் மண் புளிப்பேறிக் கிடக்கிறது. புளிப்பைக் குறைக்கக் கொஞ்சம் டொலமைட் சுண்ணாம்புத் தூள் கலக்க வேண்டியிருக்கும். கடற்கரைப் பக்கத்து மாடி என்றால் உப்புக்காற்று வேறு. உங்கள் ஆட்களுக்குத் தோட்டம் தெரியாமல் இல்லை, அவர்களுக்குத் தெரிந்தது வேறு ஊர்த் தோட்டம். இதை யாராவது அவர்களுக்குச் சொல்லியிருக்கிறார்களா?

அடுத்த கூட்டத்துக்குப் பேச்சாளரைத் தேடாதீர்கள். ஒவ்வொருவரும் வீட்டில் வாடிக்கிடக்கும் ஒரு சாடியைத் தூக்கிக்கொண்டு வரட்டும். அதைக் கவிழ்த்து வேரைப் பாருங்கள். கறுத்து நாறினால் தண்ணீர் கூடிப்போயிற்று. சாடிக்குள் வட்டமாகச் சுற்றியிருந்தால் இடம் போதவில்லை. மிளகாய் இலை சுருண்டிருந்தால் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள், பூச்சி அங்கேதான் இருக்கும். அரைமணி நேரம் போதும். அந்த அரைமணியில் கற்றதை யாரும் மறக்கமாட்டார்கள், குறிப்பும் தேவையில்லை.

ஒன்றை மட்டும் ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுங்கள். சாடிக்கு அடியில் வைக்கும் தட்டில் தண்ணீர் நின்றால் டெங்கு நுளம்பு ஒரு வாரம், பத்து நாளில் பெருகிவிடும். வாரத்துக்கு இரண்டு தடவையாவது தட்டைக் கொட்டி, உரசிக் கழுவச் சொல்லுங்கள். தோட்டத்தால் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சல் வரக்கூடாது.

அப்புறம், தொடங்குகிறவர்களிடம் மிளகாயையும் தக்காளியையும் கொடுக்காதீர்கள். வல்லாரை, பொன்னாங்காணி, ரம்பை கொடுங்கள். இவை கொழும்பு மழைக்குப் பழகினவை. வல்லாரையையும் பொன்னாங்காணியையும் சீக்கிரமே ஒரு சம்பலுக்குக் கிள்ளலாம்.

தை மாதக் கூட்டத்துக்கு நானும் வருகிறேன். என் கறிவேப்பிலை இலை மஞ்சளாகிறது, சாடியோடு கொண்டுவருகிறேன். எல்லாரும் சேர்ந்து பார்ப்போம்.