தப்பென்று சொன்னது யார்?

கேள்வி: கணிதம், இயற்பியல், செல் உயிரியல் என்று மாதம் தவறாமல் 'புதிய சாதனை' பக்கம் போடுகிறீர்கள். ஒளியை மிஞ்சும் துகள் என்றார்கள்; இல்லையாம். அமிலத்தில் நனைத்தால் சாதாரண செல்லும், எந்த உறுப்பின் செல்லாகவும் மாறக்கூடிய ஸ்டெம் செல் ஆகிவிடும் என்றார்கள், பித்தலாட்டமாம். அறை வெப்பநிலையிலேயே மின்தடை இல்லாத உலோகம் என்றார்கள், அதுவும் புஸ்வாணம். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று பேசுகிறவர்களுக்கு எதற்கு ஐயா இத்தனை பக்கம்? நம் முன்னோர் சொன்னது ஏதாவது இப்படி மாறியிருக்கிறதா?
(வாசகர் ஒருவர், கும்பகோணம்)

பதில்: மூன்று உதாரணங்களை அடுக்கிவிட்டீர்கள். மூன்றும் தப்பு என்று உங்களுக்கு எப்படித் தெரிந்தது? நீங்கள் சோதித்துப் பார்க்கவில்லை, நானும் பார்க்கவில்லை. தப்பைக் கண்டுபிடித்து ஊருக்குச் சொன்னவர்களும் நீங்கள் திட்டுகிற அதே கூட்டம்தான்.

ஒளியை மிஞ்சிய துகளையே எடுத்துக்கொள்வோம். ஜெனீவா அருகே உள்ள சேர்ன் ஆய்வகத்திலிருந்து இத்தாலியின் கிரான் சாஸோ மலைக்கு அடியில் இருக்கும் கூடம் வரை 730 கிலோமீட்டர். இந்தத் தூரத்தை நியூட்ரினோக்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்திக் கடந்ததாக 2011 செப்டம்பரில் ஒபெரா குழு அறிவித்தது. பிழை எங்கே என்று எங்களுக்குப் பிடிபடவில்லை, மற்றவர்களும் பாருங்கள் என்ற வேண்டுகோளும் அந்த அறிவிப்பிலேயே இருந்தது. ஐன்ஸ்டைன் தோற்றார் என்ற பாதி மட்டும் தலைப்புச் செய்தியானது. சில மாதங்களில் விஷயம் வெளிவந்தது. ஜி.பி.எஸ். நேரத்தைக் கொண்டுவரும் ஒளியிழைக் கேபிள் ஒன்று சரியாகத் திருகப்படவில்லை. அதே மலைக்கு அடியில் பக்கத்தில் இருந்த இகாரஸ் என்ற இன்னொரு குழு தனியாக அளந்து, நியூட்ரினோ ஒளியை முந்தவில்லை என்றது. ஒபெராவின் தலைமையில் இருந்த இருவர் 2012 மார்ச்சில் பொறுப்பிலிருந்து விலகினார்கள். சரியாகத் திருகாத கேபிளுக்காகப் பதவி விலகும் வழக்கம் உள்ள வேறு துறை ஏதாவது உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள், அதற்கும் பக்கம் ஒதுக்குகிறேன்.

இயற்பியல்காரர்கள் இதோடு விடுவதில்லை. தங்களைத் தாங்களே ஏமாற்றிப் பார்க்கவும் ஏற்பாடு செய்துவைத்திருந்தார்கள். ஈர்ப்பலைகளை, அதாவது வெளியே சுருங்கி விரியும்படி ஓடும் அதிர்வுகளை, தேடும் லைகோ கருவி அமெரிக்காவில் ஹான்ஃபோர்டில் ஒன்று, லிவிங்ஸ்டனில் ஒன்று என்று இருக்கிறது. ஒவ்வொன்றுக்கும் 4 கிலோமீட்டர் நீளத்தில் இரண்டு கைகள். மிகச் சிலர் மட்டும் கூடிப் பேசி, மற்ற யாருக்கும் மூச்சுவிடாமல், கருவிக்குள் ஒரு போலி அலையைப் புகுத்திவிடும் வழக்கம் இருந்தது. குழு அதைப் பிடிக்கிறதா, பிடித்தால் ஒழுங்காக அலசுகிறதா என்று பார்க்கத்தான் இந்த ஏற்பாடு. 2010 செப்டம்பரில் ஒரு சமிக்ஞை வந்தது. அது கேனிஸ் மேஜர் விண்மீன் குழு இருக்கும் திசையிலிருந்து வந்ததாகத் தோன்றியதால் 'பெரிய நாய்' என்று பெயர் வைத்தார்கள். ஆறு மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு அலசி, ஆய்விதழுக்கு அனுப்பும் பக்குவத்தில் கட்டுரையும் எழுதிவிட்டார்கள். 2011 மார்ச்சில் கலிஃபோர்னியாவின் ஆர்கேடியாவில் கூட்டம் நடந்தது. முன்னூறு பேர் உட்கார்ந்திருந்த அரங்கில் ரகசியம் உடைக்கப்பட்டது: பெரிய நாய் போலி. நம் ஊரில் என்றால் கட்டுரை எழுதியவர்கள் மானநஷ்ட வழக்கு போட்டிருப்பார்கள்.

அதனால்தான் 2015 செப்டம்பர் 14-ல் நிஜ அலை வந்தபோது, ஜெர்மனியின் ஹனோவரில் அதை முதலில் கவனித்த இளம் ஆய்வாளருக்கு மகிழ்ச்சி வரவில்லை, சந்தேகம்தான் வந்தது. இதுவும் யாரோ புகுத்திய போலிதான் என்று நினைத்தார். 130 கோடி ஒளியாண்டு தொலைவில் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றான சேதி அது. லைகோவின் கை நீளத்தில் அது உண்டாக்கிய மாற்றம், ஒரு புரோட்டானின் குறுக்களவில் சில நூறில் ஒரு பங்கு. போலி எதுவும் புகுத்தப்படவில்லை என்று பொறுப்பாளர்களிடம் உறுதி வாங்கி, கருவியின் மூலைமுடுக்கெல்லாம் சோதித்து, ஐந்து மாதம் வாயை மூடிக்கொண்டிருந்துவிட்டு 2016 பிப்ரவரி 11-ல் உலகத்துக்குச் சொன்னார்கள்.

உங்கள் மூன்றாவது உதாரணம் எல்.கே. 99. அது உலோகமே இல்லை; ஈயம், செம்பு, பாஸ்பரஸ், ஆக்சிஜன் சேர்ந்த ஒரு பொருள். 2023 ஜூலையில் தென் கொரியாவிலிருந்து அறிவிப்பு வந்தது. டெல்லி தேசிய இயற்பியல் ஆய்வகம் உட்படப் பல இடங்களில் அதைச் சமைத்துப் பார்த்தார்கள். மின்தடை சட்டென்று விழுந்ததற்குக் காரணம் அதில் கலந்திருந்த காப்பர் சல்ஃபைடு என்று அடுத்த மாதமே தெரிந்துபோயிற்று. அவ்வளவுதான்.

செல் உயிரியலுக்கு வரும்போது உங்கள் கோபத்தில் பாதி நியாயம் இருக்கிறது. ஜப்பானின் ரிகென் நிறுவனத்திலிருந்து 2014 ஜனவரியில் வந்த 'ஸ்டாப்' செல் கட்டுரைகளை வெளியிட்டது நேச்சர் என்ற அறிவியல் இதழ். எலிக்குட்டியின் செல்களை லேசான அமிலத்தில் அரை மணி நேரம் வைத்தால் போதும் என்றார்கள். இரண்டே வாரத்தில், படங்கள் வெட்டி ஒட்டப்பட்டிருப்பதை முகம் தெரியாத வாசகர்கள் இணையத்தில் சுட்டிக்காட்டினார்கள். மற்ற ஆய்வகங்களில் யார் செய்து பார்த்தும் வரவில்லை. ஜூலையில் கட்டுரைகள் திரும்பப் பெறப்பட்டன. ஏற்கெனவே கையில் இருந்த கருமூல ஸ்டெம் செல்கள் எப்படியோ கலந்ததுதான் இந்த 'அதிசயம்' என்று அந்த ஆண்டு டிசம்பரில் விசாரணை சொல்லிவிட்டது.

ஆனால் உங்களுக்கு இதைவிடக் கூர்மையான ஆயுதம் இருந்தது. நீங்கள் எடுக்கவில்லை, நானே எடுத்துத் தருகிறேன். புற்றுநோய் ஆராய்ச்சியில் முக்கியமானவை என்று கருதப்பட்ட 53 கட்டுரைகளை ஆம்ஜென் என்ற மருந்து நிறுவனம் திரும்பச் செய்து பார்த்தது. 6 மட்டும் தேறின. 2012-ல் இந்தக் கணக்கை வெளியிட்டதும் நேச்சர்தான். காரணம் மோசடி மட்டும் இல்லை. செல் என்பது ஆய்வகத்துக்கு ஆய்வகம் குணம் மாறும் சரக்கு. 1951-ல் ஹென்ரியெட்டா லாக்ஸ் என்ற பெண்ணின் கருப்பை வாய்ப் புற்றிலிருந்து எடுத்த ஹீலா செல்கள் அசுர வேகத்தில் பெருகுபவை. பக்கத்துக் கிண்ணத்தில் ஒரு துளி தெறித்தாலும் அதையும் கபளீகரம் செய்துவிடும். வெவ்வேறு உறுப்புகளின் செல்கள் என்று ஆய்வகங்கள் வளர்த்துவந்தவற்றில் 18 வகைகள் ஹீலாவேதான் என்று ஸ்டான்லி கார்ட்லர் 1966-ல் காட்டினார். அதற்குப் பிறகும் குரல்வளைப் புற்று செல் என்ற லேபிளோடு ஹீலாவை வைத்துப் பல்லாண்டு கட்டுரை எழுதியவர்கள் உண்டு. இங்கே திருத்தம் வந்தது, காதில் வாங்கத்தான் ஆளில்லை. இந்தத் துறையில் முதல் கட்டுரையைப் பார்த்துத் துள்ளிக் குதிப்பதைவிட, இரண்டாவது ஆய்வகத்தின் கட்டுரை வரும்வரை காத்திருப்பது நல்லது.

கணிதத்தில் உங்களுக்கு உதாரணம் ஒன்றும் அகப்படவில்லை போலிருக்கிறது. உங்கள் ஊர்ப் பழக்கடையில் சாத்துக்குடியைக் கோபுரமாக அடுக்கியிருப்பார்கள் இல்லையா, ஒரே அளவு உருண்டைகளை அதைவிட நெருக்கமாக அடுக்கவே முடியாது என்று 1611-ல் வானியலாளர் கெப்ளர் எழுதிவைத்தார். இடத்தில் சுமார் 74 சதவீதம் நிறையும். பழக்கடைக்காரருக்குச் சந்தேகமே கிடையாது. நிரூபிக்கத்தான் ஆள் கிடைக்கவில்லை. 1998-ல் அமெரிக்கக் கணித அறிஞர் தாமஸ் ஹேல்ஸ் நிரூபித்துவிட்டேன் என்றார். பக்கம் பக்கமாக எழுத்தும், மூன்று கிகாபைட் அளவுக்குக் கணினி வேலையும். அன்னல்ஸ் ஆஃப் மேத்தமேடிக்ஸ் இதழ் பன்னிரண்டு மதிப்பீட்டாளர்களை அதன்மேல் உட்காரவைத்தது. பல ஆண்டு பார்த்துக் களைத்துப்போய், 99 சதவீதம் சரி, கணினிப் பகுதி முழுவதையும் சரிபார்த்தோம் என்று கையெழுத்துப் போட முடியாது என்றார்கள். 2005-ல் நிரூபணம் அச்சாயிற்று. வேறு யாராவது என்றால் மாலை போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போயிருப்பார்கள். ஹேல்ஸுக்கு அந்த மீதி ஒரு சதவீதம் உறுத்திக்கொண்டே இருந்தது. தன் நிரூபணத்தின் ஒவ்வொரு தர்க்கப் படியையும் கணினியே சரிபார்க்கும்படி மாற்றி எழுதும் வேலையைத் தொடங்கினார். வியட்நாம்காரர்கள் உட்படப் பலர் சேர்ந்து இழுத்த அந்தத் தேர் 2014 ஆகஸ்டில் நிலைக்கு வந்தது. ஊர் ஏற்கெனவே நம்பிவிட்ட ஒன்றுக்காகப் பத்து ஆண்டுக்கு மேல் உழைப்பு! இவரையா காலையில் ஒன்று, மாலையில் ஒன்று என்கிறீர்கள்?

இனி நம் முன்னோர். அவர்கள் சொன்னது மாறியிருக்கிறதா என்று கேட்டீர்கள். மாறியிருக்கிறது, மாற்றியவர்களும் முன்னோர்தான். முக்கோண அடித்தளம் கொண்ட பிரமிடின் கனஅளவுக்கு, அடிப்பரப்பை உயரத்தால் பெருக்கிப் பாதியாக்கு என்றார் 499-ல் ஆரியபட்டர். தப்பு. மூன்றில் ஒரு பங்கு என்று 628-ல் பிரம்மகுப்தர் சரியாகச் சொன்னார். கோளத்தின் கனஅளவிலும் ஆரியபட்டருக்குச் சறுக்கல். 1150-ல் பாஸ்கரர் சரியான சூத்திரத்தைத் தந்தார். முந்தைய நூல்களின் குறைகளைச் சொல்வதற்கென்றே பிரம்மகுப்தர் ஓர் அத்தியாயம் ஒதுக்கினார், நாகரிகம் பார்த்து எழுதியதும் இல்லை. பூமி தன்னைத்தானே சுற்றுகிறது என்ற ஆரியபட்டரின் கருத்தை அவர் மறுத்தது வேறு கதை. அதில் தப்பு பிரம்மகுப்தருடையது.

அவ்வளவு தூரம்கூடப் போக வேண்டாம். உங்கள் ஊர் சாரங்கபாணி சன்னதித் தெருவில் வளர்ந்த கணித மேதை ராமானுஜன், 1913 ஜனவரியில் சென்னைத் துறைமுகக் குமாஸ்தாவாக இருந்தபடி கேம்பிரிட்ஜ் கணித அறிஞர் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். ஓர் எண்ணுக்குள் எத்தனை பகா எண்கள் இருக்கின்றன என்பதை ஏறத்தாழப் பிசகில்லாமல் சொல்லும் வழி கிடைத்துவிட்டதாக அதில் எழுதியிருந்தார். அது தப்பு. பகா எண்களோடு பின்னிப் பிணைந்த ரீமனின் ஜீட்டா சார்பு பூஜ்யமாகும் சிக்கலெண்களே இல்லை என்பதுபோல் கணக்குப் போட்டிருந்தார். ஹார்டியும் அவருடைய சகா லிட்டில்வுட்டும் அதைப் பிடித்தார்கள். நாமகிரித் தாயார் அருளிய கணக்கு என்று விட்டுவிடவில்லை. அந்தத் தோல்வி ஒரு வகையில் அவருடைய வெற்றிகளைவிட வியப்புக்குரியதாக இருக்கலாம் என்று ஹார்டி பிறகு எழுதினார். ராமானுஜனின் நோட்டுப் புத்தகங்களையும் யாரும் அப்படியே பூஜையறையில் வைத்துவிடவில்லை. அமெரிக்கக் கணித அறிஞர் ப்ரூஸ் பெர்ன்ட் போன்றவர்கள் ஒவ்வொரு முடிவாக எடுத்து நிரூபித்துப் பார்த்தார்கள். மிகச் சில தப்பு, மற்றதெல்லாம் சரி. மிகச் சில தப்பு என்று நாணயமாகச் சொன்னதால்தான் மற்றதெல்லாம் சரி என்பதை நான் நம்புகிறேன்.

மாறவே மாறாத முன்னோர் கூற்று ஒன்றை நீங்கள் எழுதி அனுப்புங்கள், அதே 'புதிய சாதனை' பக்கத்தில் போடுகிறேன். சொன்னவர் யார், எந்த நூலில், எப்போது யார் சோதித்துப் பார்த்தார்கள் என்பதும் கூடவே வரட்டும். சோதிக்க வேண்டிய அவசியமே இல்லை என்று எழுதினால் மட்டும் தபால் செலவு வீண்.