முட்டை உரிய மாட்டேங்குதா? – வாசகர் கேள்வி, சமையல் பதில்

போன இதழ்ல வேகவச்ச முட்டையைப் பத்தி போற போக்குல ரெண்டு வரி எழுதினேன், அதுக்கு வந்த கேள்விகளைப் பாத்தா தனியா ஒரு இதழே போடலாம் போல. ஒரே மாதிரி கேட்டதையெல்லாம் சேத்துட்டேன், உங்க கேள்வி அப்படியே இல்லைன்னா கோச்சுக்காதீங்க.

கேள்வி: நான் எப்பவும் ஃப்ரெஷ்ஷான முட்டையா பாத்து பாத்துதான் வாங்குவேன். ஆனா உரிக்கும்போது ஓட்டோட சேந்து பாதி வெள்ளைக்கருவும் பிஞ்சு வந்துடுது, முட்டை பாக்கவே எலி கடிச்ச மாதிரி ஆயிடுது. உப்பு போட்டுட்டேன், சமையல் சோடா போட்டுட்டேன், எண்ணெய் கூட விட்டுப் பாத்துட்டேன். என்னதான் பண்றது?

பிரச்சனையே நீங்க ஃப்ரெஷ்ஷா பாத்து வாங்கறதுதாங்க! நிஜமாத்தான் சொல்றேன். புதுசா இட்ட முட்டையோட வெள்ளைக்கருவுல கார்பன் டை ஆக்சைடு கரைஞ்சு இருக்கும், அதனால அதோட பிஹெச், அதாவது புளிப்பைக் காட்டற அளவு (இது ஏற ஏற புளிப்பு குறையும்), 7.6 கிட்ட இருக்கும். அந்த நிலைமையில வேகவச்சா வெள்ளைக்கரு ஓட்டுக்கு உள்ள இருக்கற மெல்லிசு சவ்வை கெட்டியா புடிச்சுக்கும், விடவே விடாது. முட்டை ஓடு பாக்கத்தான் கெட்டியா இருக்கு, ஆனா அதுல கண்ணுக்குத் தெரியாத ஆயிரக்கணக்கான ஓட்டைங்க இருக்கு, நாள் ஆக ஆக அது வழியா அந்த வாயு வெளிய போயிடும், பிஹெச் ஏறிட்டே போய் 9-ஐத் தாண்டிடும். அப்போ அந்தப் பிடி தானா தளர்ந்துடும். அதனால வேகவைக்கறதுக்குன்னு இருக்கற முட்டையை வாங்கி ஒரு வாரம், பத்து நாள் ஃப்ரிட்ஜ்ல விட்டுட்டு எடுங்க. ஃப்ரெஷ் முட்டையை பொரிக்க வச்சுக்கோங்க, அங்கதான் அதோட அருமை தெரியும், மஞ்சக்கரு அப்படியே எழும்பி நிக்கும்.

காத்திருக்க டைம் இல்லைன்னா அடுத்த வழி, தண்ணி கொதிச்சதுக்கு அப்புறம் முட்டையைப் போடறது. நம்ம நிறைய பேர் பச்சத்தண்ணியில முட்டையைப் போட்டு அடுப்புல வச்சுட்டு வேற வேலை பாக்கப் போயிடறோம், அது ஈஸிதான், ஆனா தண்ணி மெதுவா சூடேறும்போது வெள்ளைக்கருவும் மெதுவா வெந்து சவ்வோட ஒட்டிக்கிட்டே இறுகுது. கொதிக்கிற தண்ணியில இறக்கினா வெளிப்பக்கம் சட்டுனு இறுகிடும், ஒட்டறதுக்கு நேரமே கிடைக்காது. ஆவியில வேகவச்சாலும் இதே பலன்தான்.

உப்பு உரிக்கறதுக்கு ஒண்ணும் பண்ணாது. எண்ணெயும் தண்ணி மேல மிதக்கும், அவ்ளோதான். சோடா விஷயத்துல லாஜிக் சரிதான், அது பிஹெச்சை ஏத்தும், ஆனா வேகற அந்த பத்துப் பன்னெண்டு நிமிஷத்துல ஓட்டைத் தாண்டி உள்ள போறது ரொம்பக் கம்மி, ஜாஸ்தி போட்டா முட்டையில ஒரு மாதிரி கெட்ட வாடைதான் மிச்சம்.

உரிக்கறதுலயும் ஒரு கை இருக்கு. முட்டையோட அகலமான பக்கத்தை முதல்ல தட்டுங்க, கூரான பக்கத்தை இல்ல. அகலமான பக்கத்துல காத்து அறை இருக்கு, அங்க ஓடு உடைஞ்சதும் லேசா அமுக்கினா உள்ள வாங்கும், அங்க வெள்ளையா பேப்பர் மாதிரி தெரியுதே அதுதான் சவ்வு. கட்டை விரல் அந்த சவ்வுக்கு அடியில போகணும், மேல இல்ல. அது மாட்டிக்கிச்சுன்னா ஓடு தோல் உரியற மாதிரி நீளமா வந்துடும். அப்புறம் முட்டையை சுத்தி தட்டிட்டு ஒரு பாத்திரத்து தண்ணிக்குள்ளயே வச்சு உரிங்க, தண்ணி சந்துல புகுந்து மிச்சத்தை தூக்கிக் கொடுத்துடும், சின்னச் சின்ன ஓட்டுத் துண்டும் போயிடும்.

கேள்வி: மஞ்சக்கருவை சுத்தி பச்சையா, சாம்பல் கலர்ல ஒரு வளையம் வருது. முட்டை கெட்டுப் போச்சுன்னு என் மாமியார் தூக்கிப் போட சொல்றாங்க. சாப்பிடலாமா?

தாராளமா சாப்பிடலாம். கெட்டதால வர்றது இல்ல அது, ஓவரா வெந்ததால வர்றது. வெள்ளைக்கருவுல கந்தகம் உள்ள புரதம் இருக்கு, ரொம்ப நேரம் சூடு பட்டா அதுலேருந்து ஹைட்ரஜன் சல்ஃபைடு வரும், அது மஞ்சக்கருவுல இருக்கற இரும்போட சேந்து ஃபெரஸ் சல்ஃபைடு ஆகுது, அந்தக் கலர்தான் நீங்க பாக்கறது. ரெண்டும் சந்திக்கிற இடம் மஞ்சக்கருவோட விளிம்புதானே, அதான் வளையமா வருது. அந்த 'முட்டை நாத்தம்' வர்றதுக்கும் இதே வாயுதான் காரணம். அடுப்பை அணைச்சதும் முட்டையை ஐஸ் போட்ட தண்ணிக்கு மாத்துங்க. சுடுதண்ணியிலயே விட்டுட்டு டிவி பாக்கப் போனா அடுப்பு அணைஞ்சாலும் முட்டை உள்ள வெந்துகிட்டேதான் இருக்கும். மாமியார்கிட்ட நான் சொன்னேன்னு சொல்லுங்க, ஆனா வளையம் வராம செஞ்சு காட்டறது இன்னும் பெட்டர்.

கேள்வி: கரெக்டா எத்தனை நிமிஷம் வைக்கணும்? ஒவ்வொருத்தரும் ஒவ்வொண்ணு சொல்றாங்க.

சொல்வாங்க, ஏன்னா ஒருத்தர் பச்சத்தண்ணியில ஆரம்பிச்சு எண்ணுவாங்க, ஒருத்தர் கொதி வந்ததுலேருந்து எண்ணுவாங்க, ஒருத்தர் ஃப்ரிட்ஜ்லேருந்து எடுத்த முட்டை, இன்னொருத்தர் வெளிய இருந்த முட்டை, எல்லாம் கலந்து அடிச்சா எப்படி ஒத்துப்போகும். நான் சொல்றது ஃப்ரிட்ஜ்லேருந்து நேரா எடுத்த மீடியம் சைஸ் முட்டை, கொதிக்கிற தண்ணியில இறக்கினதுலேருந்து கணக்கு. 6, 7 நிமிஷத்துல வெள்ளை இறுகி மஞ்சள் வழியும். 9 நிமிஷத்துல நடுவுல மட்டும் கொஞ்சம் பிசுபிசுன்னு இருக்கும், எனக்கு இதுதான் புடிக்கும். 11, 12 நிமிஷத்துல முழுசா வெந்துடும். அதுக்கு மேல போனா வெள்ளை ரப்பர், மஞ்சள் மாவு. தண்ணி தளதளன்னு கொதிக்க வேண்டாம், முட்டைங்க ஒண்ணோட ஒண்ணு மோதி உடையும், லேசா குமிழ் வந்தா போதும். பாத்திரத்துல ஒரு அடுக்குக்கு மேல போடாதீங்க, நிறைய முட்டையை ஒரேயடியா போட்டா தண்ணி ஆறிப்போயி கணக்கே மாறிடும்.

இதுல சுவாரசியமான விஷயம் என்னன்னா வெள்ளையும் மஞ்சளும் ஒரே சூட்டுல வேகறது இல்ல. வெள்ளை 62 டிகிரி செல்சியஸ் கிட்டவே இறுக ஆரம்பிக்கும், ஆனா அதுல அதிகமா இருக்கற புரதம் 80 டிகிரி கிட்ட போனாத்தான் நல்லா கெட்டியாகும். மஞ்சள் 65-ல கெட்டியாக ஆரம்பிச்சு 70-ல இறுகிடும். அதாவது வெள்ளை கேக்கற சூடு மஞ்சளுக்கு ஜாஸ்தி. வெள்ளை வெளிய இருக்கு, சூடு முதல்ல அதுக்குத்தான் போகுது, அதனாலதான் டைமர் வச்சா ரெண்டையும் ஒரே நேரத்துல சரியா புடிக்க முடியுது. மலை மேல இருக்கற ஊர்ல இருக்கறவங்க கேட்டிருந்தீங்க, உயரம் ஏற ஏற தண்ணி கம்மி சூட்டுலயே கொதிக்கும், கிட்டத்தட்ட 300 மீட்டருக்கு ஒரு டிகிரி குறையும், அதனால ரெண்டு மூணு நிமிஷம் கூட வச்சுப் பாருங்க.

கர்ப்பிணிங்க, சின்னக் குழந்தைங்க, வயசானவங்க, உடம்பு முடியாதவங்களுக்கு குடுக்கறதா இருந்தா வழியற மஞ்சக்கரு வேண்டாம், சால்மோனெல்லாங்கற, வயித்தைக் கெடுக்கற கிருமியோட பயம் இருக்கு. முழுசா வேகவச்சே குடுங்க.

கேள்வி: அக்கா, நான் ரூம் எடுத்து தங்கியிருக்கேன். ஞாயித்துக்கிழமை ஒரு டஜன் வேகவச்சு வாரம் முழுக்க சாப்பிடலாமான்னு ஐடியா. உரிச்சு வைக்கவா, உரிக்காம வைக்கவா?

உரிக்காம வை தம்பி. ஓட்டோட ஃப்ரிட்ஜ்ல வச்சா ஒரு வாரம் வரைக்கும் நல்லா இருக்கும். உரிச்சுட்டா அன்னைக்கோ மறுநாளோ சாப்பிட்டுடறது நல்லது, இல்லைன்னா மேல காஞ்சு தோல் மாதிரி ஆயிடும், பக்கத்துல இருக்கற வெங்காய வாடையெல்லாம் இழுத்துக்கும். உரிச்சே ஆகணும்னா மூடி டைட்டா இருக்கற டப்பாவுல, ஈரமான டிஷ்யூ பேப்பர் ஒண்ணு மேல போட்டு மூடி வை.

நிறைய பேருக்கு தெரியாதது, வேகவச்ச முட்டை பச்ச முட்டையை விட சீக்கிரம் கெடும். வெந்துடுச்சே, பாதுகாப்புன்னு நினைப்போம், ஆனா கொதிக்கிற தண்ணியில ஓட்டு மேல இருக்கற மெல்லிசு பூச்சு போயிடுது, அந்த ஓட்டைங்க எல்லாம் திறந்துக்குது, கிருமி உள்ள போக வழி கிடைச்சுடுது. அதுவும் சூடான முட்டை ஆறும்போது உள்ள சுருங்கி வெளிய இருக்கற தண்ணியை இழுக்கும், அதனால ஆற வைக்கிற தண்ணி நல்ல தண்ணியா இருக்கட்டும், பாத்திரம் கழுவ புடிச்சு வச்ச தண்ணி வேண்டாம். வெந்து ரெண்டு மணி நேரத்துக்குள்ள ஃப்ரிட்ஜுக்குள்ள போயிடணும், அங்க சூடு 4 டிகிரியோ அதுக்கும் கீழயோ இருக்கணும். ஃப்ரிட்ஜ் கதவுல வைக்காதே, திறந்து மூடும்போதெல்லாம் அங்கதான் சூடு ஏறும், உள் தட்டுல வை. ஆஃபீஸுக்கு எடுத்துட்டுப் போறதா இருந்தா அங்க ஃப்ரிட்ஜ் இருந்தா சரி, இல்லைன்னா டப்பாவுக்குள்ள ஐஸ் பேக் ஒண்ணு போட்டுக்கோ. ராத்திரி முழுக்க வெளிய மறந்து வச்சுட்டேன், மோந்து பாத்தேன் நல்லாத்தான் இருக்குன்னு வேற ஒருத்தர் எழுதியிருக்காங்க, அவங்களுக்கும் இதே பதில்தான், தூக்கிப் போடுங்க. நோய் கிளப்பற கிருமிக்கு வாடை இருக்கணும்னு அவசியம் இல்ல.

கேள்வி: ஃப்ரிட்ஜ்ல இருக்கற வேகவச்ச முட்டையை மைக்ரோவேவ்ல சூடு பண்ணலாமா?

முழுசா வேண்டவே வேண்டாம். ஓடு உரிச்சிருந்தாலும் வேண்டாம். மஞ்சக்கருவுக்குள்ள சின்னச் சின்னதா மாட்டிக்கிட்டு இருக்கற தண்ணி கொதிநிலையைத் தாண்டி சூடாகியும் ஆவியாக முடியாம நிக்கும், நீங்க கடிக்கும்போதோ ஃபோர்க்கால குத்தும்போதோ ஒரே அடியா ஆவியாகி வெடிக்கும். மைக்ரோவேவ்க்குள்ள வெடிச்சா சுத்தம் பண்ற வேலையோட போச்சு, வாயில வெடிச்சா நேரா ஆஸ்பத்திரிதான். இதுக்காக அமெரிக்காவுல கோர்ட் கேஸ் வரைக்கும் போயி, அதை ஒட்டி ஒலியியல் நிபுணருங்க முட்டை வெடிக்கிற சத்தத்தை அளந்து 2017-ல ஒரு மாநாட்டுல பேசியிருக்காங்க, மஞ்சக்கரு சுத்தி இருக்கற தண்ணியை விட அதிகமா சூடாகுதுன்னு அதுலயும் சொல்லியிருக்காங்க. கொதிக்கிற தண்ணியை ஒரு கிண்ணத்துல ஊத்தி, ஓட்டோட முட்டையைப் போட்டு பத்து நிமிஷம் மூடி வைங்க, போதும்.

கேள்வி: வேகும்போதே ஓடு வெடிச்சு வெள்ளை நுரை நுரையா வெளிய வருது, ஏன்?

காத்து அறை பத்தி மேல சொன்னேன்ல, சூடானதும் அந்தக் காத்து விரியும், வெளிய போக வழி இல்லைன்னா ஓட்டைப் பொளந்துடும். முட்டையை கைவிட்டு டொப்புனு போடாம கரண்டியில வச்சு மெதுவா இறக்குங்க. உப்பும் வினிகரும் இங்கதான் உதவும், விரிசலை தடுக்காது, ஆனா வழியற வெள்ளைக்கரு சட்டுனு இறுகி விரிசலை அடைச்சுடும். ஒரு ஸ்பூன் போதும்.

கேள்வி: ஃப்ரீசர்ல வைக்கலாமா?

மஞ்சக்கருவை மட்டும் வைக்கலாம். வெள்ளை உறைஞ்சு உருகினா தண்ணி விட்டு ரப்பராயிடும்.

கேள்வி: வேகவச்ச முட்டையை வினிகர்ல ஊறுகாய் போட்டு ஜாடியில கிச்சன் ஷெல்ஃப்லயே வச்சிருக்கேன். உள்ள வரைக்கும் வினிகர் இறங்கணும்னு குத்தி குத்தி வச்சேன், சரிதானே?

ஐயோ, அதை சாப்பிடாதீங்க! 1997-ல அமெரிக்காவோட இல்லினாய் மாநிலத்துல இதே மாதிரி குத்தி, வீட்லயே ஊறப்போட்டு, வெளிய வச்சிருந்த முட்டையை சாப்பிட்ட ஒருத்தருக்கு பொட்டுலிசம் வந்துச்சு, நரம்பைத் தாக்கற விஷம் அது. குத்தும்போது கிருமியை கையோட உள்ள தள்ளி விட்டுடறோம், மஞ்சக்கருவோட நடுவுக்கு வினிகர் போய்ச் சேர நாள் ஆகும், அது வரைக்கும் காத்து இல்லாத, புளிப்பும் இல்லாத இடம், அந்தக் கிருமிக்கு அதுதான் வேணும். குத்தாம, சுத்தமான ஜாடியில, முழுசா வினிகர்ல முங்கற மாதிரி போட்டு, போட்ட நாள்லேருந்தே ஃப்ரிட்ஜ்ல வைங்க. அந்த ஜாடி போனா போகட்டும்ங்க.

கேள்வி: வெந்த முட்டையும் பச்ச முட்டையும் ஒரே ட்ரேல கலந்துடுச்சு. தண்ணியில போட்டா தெரியுமா?

தண்ணியில போட்டா முட்டைக்கு எவ்ளோ வயசுன்னுதான் ஓரளவு தெரியும், காத்து அறை பெருசாக பெருசாக மிதக்கும். வெந்ததா பச்சையான்னு பாக்க மேஜை மேல சுத்தி விடுங்க. வெந்தது ஜோரா சுத்தும், பச்ச முட்டை உள்ள ஆடுறதால தள்ளாடும். சந்தேகமா இருந்தா சுத்தும்போதே விரலால ஒரு நொடி நிறுத்திட்டு எடுங்க, வெந்தது நின்னுடும், பச்ச முட்டை உள்ள இருக்கறது இன்னும் சுத்திட்டு இருக்கறதால மறுபடி மெதுவா சுத்த ஆரம்பிக்கும். அடுத்த தடவை வெந்ததுல பென்சில்ல ஒரு கோடும் தேதியும் போட்டுடுங்க.